ஈசல் வறுத்த வாசம் என் மகளுக்குத் தெரியாது

2024 ஜூலையில் சிங்கப்பூர் உணவு அமைப்பு 16 வகைப் பூச்சிகளைச் சாப்பிடலாம் என்று அனுமதி கொடுத்தது. சுவர்க்கோழி, வெட்டுக்கிளி, மாவுப்புழு, பட்டுப்புழு எல்லாம் அதில் உண்டு. பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகள், கொஞ்ச நாளிலேயே தோழிகளோடு போய் சுவர்க்கோழி தூவிய சூஷி சாப்பிட்டு வந்தாள்.

"எப்படிம்மா இருந்துச்சு?" என்றேன்.

"வறுத்த இறால் ஓடு மாதிரிப்பா. பரவாயில்லை."

மறுபடி போவாயா என்றதற்கு, "எதுக்கு? அதான் சாப்பிட்டாச்சே" என்றாள்.

அந்தப் பதில்தான் என்னை யோசிக்க வைத்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அருவருப்பு என்று பலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவர்கள் துணிந்து வாயில் வைக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு அது ஒரு பந்தயமாகத்தான் வந்து சேர்கிறது. முழுப் பூச்சியைக் காலும் மீசையுமாக மேலே அடுக்கிப் படமெடுக்கச் சொன்னால், படம் எடுத்ததும் வேலை முடிந்தது. பூமிக்கு நல்லது, புரதம் அதிகம் என்று பாடம் எடுத்தாலும் யாரும் இரண்டாம் தட்டு கேட்க மாட்டார்கள். ருசியும் பழக்கமும்தான் கேட்க வைக்கும்.

எனக்கு அந்தப் பழக்கம் இருந்தது. திருமயம் பக்கம் எங்கள் ஊரில், மழை விட்ட சாயங்காலம் புற்றுக்குப் பக்கத்தில் குழி வெட்டி விளக்கு வைப்போம். வெளிச்சத்துக்கு வரும் ஈசல் குழியில் விழும். அம்மா அதைக் காயவைத்து, முறத்தில் புடைத்து இறகைப் போக்கி, பொரியரிசியோடு வறுப்பார். நெய் விட்டது போல் ஒரு வாசம் தெருவுக்கே வரும். பள்ளிக்கு எடுத்துப் போனபோது "பூச்சி தின்கிறான்" என்று பையன்கள் கத்தினார்கள். அன்றோடு விட்டேன். அகநானூற்றுப் பாட்டிலேயே வரகரிசியோடு ஈயல், அதாவது ஈசல், போட்டுச் சமைத்த புளிச்சோறு வருகிறது என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் டப்பாவை மூடியிருக்க மாட்டேன்.

ஒடிசாவின் மயூர்பஞ்ச் பழங்குடி மக்கள் செவ்வெறும்புச் சட்னியை விடவில்லை. 2024 தொடக்கத்தில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் சட்னி. நாம்தான் வெட்கப்பட்டு விட்டுவிட்டோம், நம் பிள்ளைகள் முதல்முறையாகக் கடையில் காசு கொடுத்துப் பார்க்கிறார்கள்.

இங்கே சிங்கப்பூரில் அந்த ஈசலை விற்கவும் வழியில்லை. காட்டில் பிடித்த பூச்சிக்கு அனுமதி கிடையாது, பண்ணையில் வளர்த்ததாக இருக்க வேண்டும். அது சரியான விதிதான், பாதுகாப்பு முக்கியம். அப்புறம், இறால் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்குப் பூச்சியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். தோழிகள் கூப்பிடுகிறார்கள் என்று அவர்கள் ருசி பார்க்க வேண்டாம்.

அம்மா இப்போது இல்லை. பொரியரிசியோடு வேறு என்ன சேர்த்தார் என்று நான் கேட்டு வைக்கவில்லை. உங்கள் வீட்டில் ஈசலுக்கு என்னென்ன போடுவார்கள் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். மகளிடம் காட்ட வேண்டும்.