சீனிப்பாணியைக் குறைத்தது பிழையா?

சனிக்கிழமை நுவரெலியா காக்டெய்ல் போட்டியில் நடந்ததைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள், வீடியோவும் எல்லார் கைக்கும் வந்துவிட்டது. முழுக் கதையையும் திரும்பச் சொல்ல எனக்கு மனமில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த அந்தத் தம்பி, அட்டையில் சொன்ன அளவைவிடச் சீனிப்பாணியைக் குறைத்தது சரி. அதற்காக நடுவர் அவனுடைய மார்க்கைக் குறைத்ததுதான் பிழை.

போட்டிக்குக் கொடுத்த செய்முறை அட்டையில் இருந்தது இதுதான். வெள்ளை ரம் 45 மில்லி, பச்சை ஷார்த்ரூஸ் 20, தேசிக்காய்ச் சாறு 20, சீனிப்பாணி 20. பார்த்த உடனேயே எனக்கு உறுத்தியது. ஷார்த்ரூஸ் என்ன வெறும் மூலிகைச் சாறா? பிரான்சில் கார்த்தூசியத் துறவிகள் 130 மூலிகைகளைப் போட்டுச் செய்கிற லிக்கர், அதாவது இனிப்புச் சேர்த்த மது, அது. 55 சதவீத அல்கஹோல். காரமும் கசப்பும் முன்னால் வந்து நிற்பதால் அதற்குள் இருக்கும் இனிப்பு நாக்குக்குச் சட்டென்று தெரியாது. ஐரோப்பியச் சட்டப்படி லிக்கர் என்று பெயர் போடவே பொதுவாக லீற்றருக்கு 100 கிராமாவது சீனி இருக்க வேண்டும். ஷார்த்ரூஸில் அதைவிட நன்றாகவே கூட. ஆகவே அந்தப் போத்தலை எடுத்துச் சரிக்கிறபோதே நீங்கள் சீனியையும் ஊற்றிவிட்டீர்கள். அதைக் கணக்கில் எடுக்காமல் சாதாரண டைக்கிரிக்கு (ரம், தேசிக்காய், சீனிப்பாணி கலந்த காக்டெய்ல்) ஊற்றுகிற அதே 20 மில்லி பாணியை ஊற்றினால் யார் குடிப்பது?

ரம் கரும்பிலிருந்து வருவதால் அதிலும் இனிப்பு இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. வடிக்கும்போது சீனி மேலே ஏறி வராது. பிறகு யாராவது சேர்த்தால்தான் உண்டு.

அப்புறம் பாணி. அது எந்தப் பாணி என்று அட்டையில் இல்லை. ஒரு பங்கு சீனி, ஒரு பங்கு தண்ணீர் என்றால் 20 மில்லியில் 12 கிராம் அளவுக்குச் சீனி இருக்கும். அன்றைக்கு மேசையில் வைத்திருந்தது இரண்டுக்கு ஒன்று காய்ச்சிய கட்டிப் பாணி. போத்தலைச் சாய்த்தால் நூல் மாதிரி இறங்கியது, முன்வரிசையில் இருந்து பார்த்தேன். அதில் 20 மில்லி என்றால் 17 கிராமுக்கு மேல். தேக்கரண்டிக் கணக்கில் நாலு கரண்டி. ஷார்த்ரூஸின் சீனி அதற்கு மேலே.

தம்பி என்ன செய்தான்? ஒரு ஸ்ட்ரோவை விட்டுச் சாற்றைத் தொட்டுப் பார்த்தான். பாணியைத் தொட்டுப் பார்த்தான். 5 மில்லி மட்டும் ஊற்றினான். தொழில் தெரிந்தவன் செய்கிற வேலை அது.

இன்னொன்றையும் அந்த நடுவர் யோசித்திருக்க வேண்டும். கொழும்பில் போத்தல்கள் 30 பாகை வெப்பத்தில் நிற்கும். நுவரெலியாவில் இரவு நேரம் அதில் பாதிதான். போத்தல் குளிராக இருந்தால் ஷேக்கருக்குள் ஐஸ் குறைவாகக் கரையும், தண்ணீர் குறைவாகச் சேரும், அதே அளவில் செய்த பானம் இங்கே கட்டியாகவும் இனிப்பாகவும் வரும். அதுமட்டுமில்லை, குளிரில் இனிப்பு நாக்குக்கு மட்டாகத் தெரியும். நம்முடைய விருந்தாளி கணப்படுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் குடிக்கிறவர். கிளாஸ் சூடேற ஏற ஒளிந்திருந்த இனிப்பெல்லாம் வெளியே வரும். கொழும்பில் எழுதின அளவை அப்படியே இங்கே கொண்டுவந்து வைப்பது எந்த நியாயம்?

"போட்டி என்றால் அட்டைப்படிதான் செய்ய வேண்டும்" என்று ஒரு அண்ணன் கமென்ட் போட்டிருக்கிறார். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனால் மார்க் தாளில் "சமநிலை" என்று ஒரு வரி இருந்ததே, அதற்கு எதற்கு மார்க்? அட்டையைப் பார்த்து அளந்து ஊற்றத்தான் ஆள் வேண்டுமென்றால் அளவுக்கிண்ணத்துக்குப் பரிசு கொடுங்கள். லண்டனில் 2005 அளவில் வந்த நியூக்ளியர் டைக்கிரியைப் பாருங்கள். காட்டமான ரம், பச்சை ஷார்த்ரூஸ், தேசிக்காய், கொஞ்சம் ஃபலர்னம் என்கிற வாசனைச் சரக்குப் போட்ட இனிப்புப் பானம். தனியாகச் சீனிப்பாணி கிடையாது. இனிப்பு லிக்கரிலேயே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் செய்தது அது. தம்பி புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, சரியானதைச் செய்தான்.

மார்க்கோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அந்த நடுவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "தேத்தண்ணிக்கு நாலு கரண்டி போடுற ஆட்கள், இன்றைக்கு மட்டும் சீனித் தட்டுப்பாடா?" என்று கேட்டாரே, சபையே சிரித்ததே, அதுதான் தாங்கவில்லை. நாலு கரண்டி சீனி உங்களுடைய அட்டையில் இருந்தது, ஐயா. தோட்டத்து ஆட்களிடம் இல்லை.

என் அம்மாயி விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு, போகும் முன் வெறுந் தேத்தண்ணி குடிப்பார். சீனி கோப்பைக்குள் போகாது. உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்து, ஒரு நக்கு, ஒரு மிடறு. கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்களுக்கு நடுவே அந்த வெள்ளைச் சீனி எனக்கு இன்னும் தெரிகிறது. கடைசி மிடறு வரைக்கும் அந்தச் சிட்டிகை வரும். சாயம் கடுமையாக இருக்கும் நாளில் கொஞ்சம் கூட நக்குவார், மெல்லியதாக இருந்தால் குறைப்பார். கடையில் கடன் எழுதி வாங்கின சீனி, அளந்துதான் தீர வேண்டும். இனிப்பை அளக்க எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்பாக்ஸில் வந்து திட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "கசிப்பால் லயம் லயமாகக் குடும்பங்கள் அழியுது, நீ காக்டெய்லுக்கு வக்காலத்தா?" என்கிறீர்கள். கள்ளச்சாராயத்தால் தோட்டத்து வீட்டு வரிசைகள் அழிகின்றன, எனக்குத் தெரியும். என் பெரியப்பாவைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன். அதற்கும் ஹோட்டலில் மாதச் சம்பளத்துக்கு நின்று வெளிநாட்டுக்காரருக்குக் கிளாஸ் நீட்டுகிற பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்? ஹோட்டல் முதலாளியிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. கொழும்பிலிருந்து வந்த நடுவரிடம் கேட்பதில்லை. எங்கள் பையன் ஷேக்கரைத் தொட்டால் மட்டும் ஊருக்கே ஒழுக்கம் ஞாபகம் வருகிறது. கிளாஸ் கழுவும்போது வராத கோபம், போட்டி மேடையில் ஏறும்போது வருகிறது. அது எதனால் என்று நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

"நடுவர் அனுபவசாலி" என்பவர்களுக்கு: இருக்கட்டும். அனுபவசாலி அந்தக் கிளாஸை ஒரு மிடறுதான் குடித்தார், வீடியோவில் இருக்கிறது. கொஞ்சம் சூடேறவிட்டுத் திரும்பக் குடித்துப் பார்க்கவில்லை. பக்கத்து மேசையில் அட்டைப்படி செய்த கிளாஸ்கள் பாதிக்கு மேல் மிச்சமாகக் கிடந்தன, அதையும் யாரும் பார்க்கவில்லை.

தம்பியின் மார்க்கைக் கூட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை. போட்டி நடத்துகிறவர்களே, அடுத்த முறை அட்டையில் எந்தப் பாணி, எத்தனைக்கு எத்தனை என்று எழுதுங்கள். லிக்கரின் சீனியைக் கழித்துவிட்டு அளவு போடுங்கள். அதோடு உங்கள் இணையப் பக்கத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற வீடியோவில் அந்தச் சிரிப்பை வெட்டிவிடுங்கள், இன்றைக்கே. அவனுடைய அம்மா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டு நிற்கும்போது யாரோ போனைக் காட்டியிருக்கிறார்கள்.