தனிப்பந்தி போட்டதை மறைத்துவிட்டு என்ன சாதனைக் கதை?

ஆஸ்கர் சீசன் வந்தால் போதும், ஹாட்டி மெக்டானியல் பற்றிய காணொளி சுற்ற ஆரம்பித்துவிடும். ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர், அமெரிக்காவின் அடிமைமுறைக் காலத்துக் கதையான 'கான் வித் த விண்ட்' படம், கண்ணீர் மல்க நன்றியுரை. பின்னணியில் உருக்கமாக ஒரு பியானோ. ஹாலிவுட் அன்றைக்கே நிறவெறியை உடைத்தெறிந்தது என்று மேலே ஒரு வரி, கீழே வரிசையாகக் கைதட்டல். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எதை உடைத்தார்கள்? அன்று ராத்திரி அந்த அம்மா எங்கே உட்கார்ந்திருந்தார் என்று சொல்ல ஏன் ஒருவருக்கும் வாய் வருவதில்லை?

1940 பிப்ரவரி 29. லாஸ் ஏஞ்சல்ஸ், அம்பாசடர் ஹோட்டல், கோகனட் க்ரோவ் அரங்கம். அந்த ஹோட்டலில் கறுப்பினத்தவரை விருந்தினராக உள்ளே விடுவதில்லை. பரிசுப் பட்டியலில் பெயர் இருக்கிற நடிகை வாசற்படி தாண்டுவதற்கே தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் தனியாகப் பேசி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. வாங்கினார், சரி. அப்புறம்? செல்ஸ்னிக், அதே படத்தில் நடித்த விவியன் லீ, ஒலிவியா டி ஹாவிலண்ட் எல்லோரும் ஒரே மேசையில். ஹாட்டிக்கு மட்டும் தூரத்தில், சுவரோரமாக ஒரு சின்ன மேசை. துணைக்கு உடன் வந்தவரும் அவருடைய ஏஜெண்டும். சிறந்த துணை நடிகை பிரிவில் ஒலிவியாவும் ஹாட்டியும் போட்டி. தோற்றவர் நடுநாயகமாக, ஜெயித்தவர் சுவரோரம். இதற்குப் பெயர் தனிப்பந்தி இல்லாமல் வேறென்ன?

பெயரை அறிவித்ததும் அந்த மூலையிலிருந்து எழுந்து மேடைக்கு நடந்து வந்தார். வந்தவர் பேசியதைக் கேளுங்கள். என் இனத்துக்கும் திரைத்துறைக்கும் என்றென்றும் பெருமை சேர்ப்பவளாக இருப்பேன் என்று மனதார நம்புகிறேன் என்றார். எல்லோரும் உருகுகிற இடம் இதுதான். எனக்கோ இந்த இடத்தில்தான் வயிறு எரிகிறது. அதே ராத்திரி சிறந்த நடிகை விருது வாங்கிய விவியன் லீ தன் இனத்தின் மானத்தைக் காப்பாற்றுவதாக யாருக்காவது வாக்குக் கொடுத்தாரா? அவரிடம் யார் அதை எதிர்பார்த்தார்கள்? தன்னைச் சுவரோரம் ஒதுக்கிய சபையிடமே ஒருவர் நல்ல பெயர் எடுத்துக் காட்டுகிறேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. அதைக் கேட்டு எப்படி ஆனந்தக் கண்ணீர் வருகிறது?

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் தயாராக வரும்: "அந்தக் காலம் அப்படி." இந்தச் சமாதானத்தைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியாமலா இருந்தது? விருது விழாவுக்கு இரண்டரை மாதம் முன்பு, 1939 டிசம்பர் 15, அட்லாண்டாவில் படத்தின் முதல் காட்சி. ஜார்ஜியா மாநிலத்தின் நிறப்பாகுபாட்டுச் சட்டங்களால் ஹாட்டி அங்கே போக முடியவில்லை. அவர் வராவிட்டால் நானும் போகமாட்டேன் என்று படத்தின் கதாநாயகன் கிளார்க் கேபிள் முரண்டு பிடித்தார். ஹாட்டியே அவரைச் சமாதானம் செய்து அனுப்பி வைத்தார். ஆக, தப்பு என்று தெரிந்தவர்கள் அன்றும் இருந்தார்கள். தெரிந்தேதான் செய்தார்கள்.

முதல் காட்சிக்கு முந்தைய நாள் அதே அட்லாண்டாவில் வெள்ளையருக்கு மட்டுமான ஒரு பெரிய நடன விருந்து. அதில் எபனேசர் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் கறுப்பினப் பாடகர் குழுவை அடிமை வேடம் போட்டுப் பாட வைத்தார்கள். அந்தக் குழுவில் பத்து வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவன்தான் மார்ட்டின் லூதர் கிங். படத்தில் நடித்த அம்மாவுக்கு அந்த ஊரில் இடமில்லை, ஆனால் அடிமை வேடம் போட மட்டும் குழந்தைகள் வேண்டும்!

விருதுக்குப் பிறகாவது நிலைமை மாறியதா? திரும்பத் திரும்ப வேலைக்காரி வேடம்தான். அடுத்ததாக ஒரு கறுப்பின நடிகைக்கு ஆஸ்கர் கிடைத்தது 1991-இல், ஹூப்பி கோல்ட்பர்க்குக்கு. 51 வருஷம்! 1952-இல் ஹாட்டி இறந்தபோது ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பது அவர் ஆசை. கறுப்பினத்தவர் என்று இடம் மறுத்துவிட்டார்கள். செத்த பிறகும் ஒதுக்கி வைத்தார்கள்.

கோபத்தில் இன்னொன்று. அவரை எப்போதும் மேடையில் அழுத அப்பாவியாகவே ஏன் காட்டுகிறீர்கள்? லாஸ் ஏஞ்சல்ஸில் சுகர் ஹில் என்ற பகுதியில் வீடு வாங்கினார். வெள்ளையர் அல்லாதவர்கள் அங்கே குடியிருக்கக் கூடாது என்று பத்திரத்தில் இருக்கிறது என்று சொல்லி அக்கம்பக்கத்து வெள்ளையர்கள் நீதிமன்றம் போனார்கள். ஹாட்டியும் மற்ற கறுப்பினக் குடும்பங்களும் சேர்ந்து நின்று எதிர்த்து வாதாடினார்கள். 1945-இல் ஜெயித்தார்கள். வீட்டை விட்டு நகரவில்லை. எவ்வளவு பெரிய விஷயம்! அதைப் பற்றி ஒரு காணொளி உண்டா? பியானோ வாசிக்க அதில் இடமில்லையே, எப்படி இருக்கும்?

ஆஸ்கர் மேடையில் அன்று அவர் கையில் கொடுத்தது சிலைகூட இல்லை, தகடு மாதிரியான ஒரு பட்டயம். அந்த வருஷங்களில் துணை நடிகர்கள் எல்லோருக்கும் அதுதான் வழக்கம், அதில் குறை சொல்ல மாட்டேன். அதைக் கறுப்பினத்தவர் கல்விக்குப் பெயர்போன ஹாவர்ட் பல்கலைக்கழகத்துக்கு உயில் எழுதி வைத்தார். பிற்பாடு அது அங்கிருந்து காணாமல் போய், கிடைக்கவே இல்லை. ஆஸ்கர் அகாடமி 2023-இல்தான் பல்கலைக்கழகத்துக்கு மாற்றுப் பட்டயம் கொடுத்தது.

அடுத்த சீசனில் இந்தக் காணொளியைப் போடப் போகிறவர்களே, தாராளமாகப் போடுங்கள். அவர் நடிப்பைக் கொண்டாடுங்கள், அதற்கு எல்லாத் தகுதியும் உள்ளவர். ஆனால் ஹாலிவுட்டுக்குச் சபாஷ் போடுகிற அந்த வரியை எடுத்துவிட்டு, சுவரோரத்து மேசையைப் பற்றி எழுதுங்கள்.