எங்கள் கூரையை முதலில் அளந்து பாருங்கள்

சனிக்கிழமை ஹாலில் நம் வீடுகளின் அஸ்பெஸ்டாஸ் கூரைகளைப் பற்றிக் கூட்டம் நடந்தது; அங்கே என்ன ஆனது என்று உங்களில் பாதிப் பேருக்கு நேரிலேயே தெரியும். மீதிப் பேர் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாள் பேசாமல் இருந்தேன். நேற்று ராத்திரி என் தங்கச்சி மகள் அந்த வீடியோவை எனக்கே அனுப்பி, "பெரியம்மா, நிற்கிறது நீங்களா?" என்று கேட்டாள். ஆமாம், நான்தான். மைக் கைக்கு வருமுன்னே "ஆன்ட்டி, உட்காருங்க, உங்களுக்கு விஷயம் புரியல" என்று சொல்லி உட்கார வைக்கப்பட்ட அந்தக் கிழவி நான்தான்.

மேடையில் இருந்தவர் சொன்னது இதுதான்: "வீட்டுக்குள்ளே என்ன நஞ்சு இருக்குன்னு ஆராய்ச்சி பண்ண அரசாங்கம் பணம் கொடுக்கணுமாம். நமக்கு ஆராய்ச்சி வேண்டாம், கூரை வேணும்." ஹால் முழுக்கக் கைதட்டல். என் பக்கத்து வீட்டுக்காரரும் தட்டினார்.

கூரை வேண்டும் என்பதில் எனக்கு என்ன மறுப்பு? அந்தக் கூரைக்குக் கீழே அறுபது வருஷமாகப் படுத்திருப்பவள் நான். நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. அளக்காத வீட்டுக்கு எவரும் கூரை மாற்ற மாட்டார்கள். எத்தனை வீடு, எந்தத் தகடு எவ்வளவு அரித்திருக்கிறது, வீட்டுக்குள் தூசியில் அஸ்பெஸ்டாஸ் நார் இருக்கிறதா என்று கணக்கு இல்லாதவரை, "நல்ல நிலையில் இருக்கும் அஸ்பெஸ்டாஸால் ஆபத்தில்லை" என்று ஒரே வரியில் நம்மை அனுப்பிவிடுவார்கள். அனுப்பிக்கொண்டும் இருக்கிறார்கள்.

எங்கள் அப்பா டர்பன் கார்ப்பரேஷன் தொழிலாளி. நான் பிறந்தது கார்ப்பரேஷனின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில், ஒரே அறையில் எட்டுப் பேர். 1965-இல் எங்களை, ஊருக்கு வெளியே இந்தியர்களுக்கென்று கட்டிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். இன்ன இனத்தவர் இன்ன இடத்தில்தான் வாழ வேண்டும் என்ற குரூப் ஏரியாஸ் சட்டம் என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அம்மாவுக்கு அந்த வீடு சொர்க்கம். வீட்டுக்குள் குழாய், தனி அடுப்படி, பின்னால் கறிவேப்பிலை வைக்க ஒரு துண்டு மண். மேலே சாம்பல் நிறத்தில் அலை அலையாய்க் கூரை. மழை பெய்தால் சத்தம் குறைவு, தகரத்தைவிட எவ்வளவோ மேல் என்று அம்மா வருகிறவர்களிடம் எல்லாம் பெருமையாகச் சொல்லுவார்.

அந்தக் கூரையில் இருக்கும் அஸ்பெஸ்டாஸ் என்ன செய்யும் என்பது அதற்கு ஐந்து வருஷம் முன்பே இந்தத் தென்னாப்பிரிக்காவில் தெரிந்த விஷயம். கிம்பர்லியில் ஸ்லெக்ஸ் என்ற காசநோய் மருத்துவர் சில நோயாளிகளைக் கவனித்தார். நுரையீரலைச் சுற்றி நீர், ஆனால் காசநோய் மருந்துக்கு எதுவும் அடங்கவில்லை. ஜோகன்னஸ்பர்கில் அரசு ஆய்வுப் பிரிவில் இருந்த நோயியல் மருத்துவர் வாக்னர், ஸ்லெக்ஸ், மார்ச்சண்ட் மூன்று பேரும் சேர்ந்து 33 நோயாளிகளைப் பற்றி 1960-இல் எழுதினார்கள். நுரையீரலின் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற அந்தப் புற்றுநோய்க்கும் அஸ்பெஸ்டாஸுக்கும் உள்ள தொடர்பை உலகத்துக்கே காட்டியது அந்தக் கட்டுரைதான். அந்த 33 பேரில் எல்லோரும் அஸ்பெஸ்டாஸ் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் இல்லை. வீட்டோடு இருந்த பெண்கள், மாடு மேய்த்தவர், வீட்டு வேலைக்காரர் என்று பலர். வடக்கு கேப்பில் சுரங்கத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள். சிறு வயதில் அந்தத் தூசியை மூச்சில் இழுத்தவர்கள்.

நான் 31 வருஷம் நர்ஸ். அந்தக் கட்டுரையைப் பற்றி முதன்முதலில் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

"பார்த்தீங்களா, ஆராய்ச்சி 1960-லயே வந்துடுச்சு, அப்புறமும் உங்க தலையில அந்தத் தகடைத்தானே போட்டாங்க? ஆராய்ச்சியால என்ன லாபம்?" என்று இப்போது சிலர் கேட்பீர்கள். கேளுங்கள், நியாயமான கேள்விதான். தெரிந்தும் போட்டவர்கள் குற்றவாளிகள், அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் 2008-இல் இந்த நாடு அஸ்பெஸ்டாஸைத் தடை செய்ததே, அது எதன் மேல் நிற்கிறது? கோஷத்தின் மேலா? அந்த 33 பேரிலிருந்து தொடங்கிய கணக்கின் மேல் நிற்கிறது. 48 வருஷம் தாமதம் என்பது அளந்தவர்களின் தவறா, அளந்ததைக் கேட்காதவர்களின் தவறா?

தடை வந்தது புதிதாகச் செய்வதற்கும் விற்பதற்கும் இறக்குமதி செய்வதற்கும்தான். ஏற்கெனவே நம் தலைமேல் இருப்பது அப்படியேதான் இருக்கிறது. 2020-இல் வந்த அஸ்பெஸ்டாஸ் அகற்றல் விதிகள் தொழில் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. வேலையிடத்தை நினைத்து எழுதியவை. ஓய்வூதியத்தில் வாழும் ஒரு கிழவியின் படுக்கையறையை நினைத்து எழுதியவை இல்லை.

சிமெண்ட் புதிதாக இருக்கும்போது நாரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அறுபது வருஷம் டர்பன் வெயிலும் கடல் காற்றும் மழையும் பட்டால் மேல்பூச்சு கரையும், பாசி பிடிக்கும், நார் வெளியே தெரியும். என் தம்பி ஒரு தீபாவளிக்கு முன்னால் பிரஷர் வாஷரை வாடகைக்கு எடுத்து வந்து கூரையைக் கழுவினான். கூரை பளிச்சென்று ஆனது. கீழே சாம்பல் நிறத்தில் சகதி. அம்மா அது காயட்டும் என்று இருந்து, காய்ந்ததும் துடைப்பத்தால் கூட்டினார். கோலம் போட வாசலைத் தயார் செய்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் நான். எனக்கே அன்று உறைக்கவில்லை. நீரடித்துத் தேய்க்கக்கூடாது, துளை போடக்கூடாது, உலர்ந்த தூசியைக் கூட்டக்கூடாது என்று யாரும் எங்கள் தெருவுக்கு வந்து சொன்னதில்லை. யாரும் எங்கள் தெருவை ஒரு பிரச்சனையாக எண்ணியதே இல்லை.

அம்மா இதனால்தான் போனார் என்று நான் சொல்லவில்லை. சொல்ல முடியாது, அதுதான் என் வலி. கடைசி இரண்டு வருஷம் மூச்சுக்குத் திண்டாடினார். அஸ்பெஸ்டாஸால் வரும் நோய் இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்துத்தான் தெரியும். எதனால் என்று கேட்க ஒரு பதிவு இல்லை, ஒரு அளவு இல்லை. "வயசாயிடுச்சு" என்று எழுதி முடித்தார்கள்.

அடுத்த ஆட்சேபம் வரும், தெரியும். ஃப்ரீ ஸ்டேட் மாகாணம். அங்கே 2014-இல் அஸ்பெஸ்டாஸ் கூரைகளைக் கணக்கெடுக்க 25.5 கோடி ராண்ட் ஒப்பந்தம் போட்டார்கள், கடைசியில் அது ஊழல் வழக்காக நீதிமன்றத்தில் நிற்கிறது. கூரைகள் அப்படியே இருக்கின்றன. "கணக்கெடுப்புன்னா திருட்டு" என்று சனிக்கிழமை பின்வரிசையில் ஒரு தம்பி கத்தினார். தம்பி, பால்காரன் தண்ணீர் கலந்தான் என்றால் குழந்தைக்குப் பாலே வேண்டாம் என்பீர்களா? இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

ஆனால் ஒரு அக்கா மெதுவாக என் காதில் சொன்னது வேறு. "நம்மள எலி மாதிரி வெச்சுப் பார்ப்பாங்கடி." அதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. அமெரிக்காவில் பால்டிமோரில் 1990-களில் ஒரு ஆய்வு நடந்தது. ஈயப் பெயிண்டைக் கொஞ்சம் அகற்றிய வீடு, அதிகம் அகற்றிய வீடு என்று பிரித்து, சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்களை அதில் குடியிருக்க வைத்து, பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறுகிறதா என்று பார்த்தார்கள். அரசுப் பணத்தில் நடந்த ஆய்வு. 2001-இல் அந்த ஊர் இருக்கும் மேரிலாண்ட் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் அதை மிகக் கடுமையாகக் கண்டித்தது. அந்த அக்காவின் பயம் பொய்யில்லை.

எனக்கும் அந்த அனுபவம் உண்டு. சில வருஷம் முன்பு முகமூடி போட்ட இரண்டு மாணவர்கள் வந்து எங்கள் கூரை ஓரத்திலிருந்து ஒரு துண்டும், அலமாரி மேலிருந்து தூசியும் எடுத்துப் போனார்கள். டீ கொடுத்தேன், முறுக்கு கொடுத்தேன். முடிவு வந்ததும் சொல்கிறோம் ஆன்ட்டி என்றார்கள். இன்றுவரை ஒரு கடிதம் இல்லை. எந்த நிறுவனம் என்று எழுதப்போவதில்லை. ஆனால் அந்தத் துண்டு என் வீட்டுத் துண்டு, அந்த ஆய்வில் வந்த எண் என் எண்.

இவ்வளவு பட்டும் ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும் என்றுதான் சொல்கிறேன். வீட்டுக்காரிக்கு முடிவைச் சொல்லாதவருக்குப் பணம் கிடையாது என்று நிபந்தனை போட்டுக் கொடுங்கள்.

அதே அமெரிக்காவில் க்ளீவ்லாந்தில் 1990-களில் கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் ரத்தம் கசிந்தது. ஈரம் ஏறிய வீடுகளில் இருந்த பூஞ்சைதான் காரணம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தார் முதலில் நினைத்தார்கள். 2000-இல் அவர்களே திரும்பப் பார்த்து, அந்தத் தொடர்பு நிரூபணமாகவில்லை என்றார்கள். ஆனால் வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வியை விட்டுவிடவில்லை. அதற்கு முந்தின வருஷம் 1999-இல் அமெரிக்க வீட்டுவசதித் துறையே ஆரோக்கியமான வீடுகளுக்கென்று ஒரு திட்டம் தொடங்கியது. பூஞ்சை, ஈயம், ஆஸ்துமா என்று ஆராய நிதி கொடுத்து வந்திருக்கிறது. வீடு கட்டும் துறை நோயைப் பற்றிக் கேட்கிறது. நம் ஊரில் வீட்டைக் கேட்டால் ஒரு அலுவலகம், நோயைக் கேட்டால் இன்னொரு அலுவலகம்.

அவ்வளவு தூரம் போவானேன், நம் டர்பனிலேயே இருக்கிற மெர்பேங்க்கைப் பாருங்கள். இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு நடுவில் இருந்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சோதித்தார்கள், பாதிக்கும் மேல் ஆஸ்துமா அறிகுறி. மாநகராட்சிப் பணத்திலேயே தெற்கு டர்பன் ஆய்வு நடந்தது. காற்றை அளக்கக் கருவிகள் வைத்தார்கள். கந்தக டை ஆக்சைடு குறைந்தது. போராடியவர்கள் கையில் எண் இருந்தது. அந்தப் போராட்டத்துக்கு என் மதினி போயிருக்கிறார், கேட்டுப் பாருங்கள். வெறும் கையோடு அலுவலகத்துக்குப் போனதற்கும் தாளோடு போனதற்கும் இருந்த வித்தியாசத்தை அவர் சொல்லுவார்.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. சனிக்கிழமை நான் எழுந்தபோது எனக்கு விஷயம் புரியாது என்று எப்படித் தெரிந்தது? கிழவி என்பதாலா? சேலை கட்டியிருந்ததாலா? அந்த ஹாலில் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு நான் தடுப்பூசி போட்டிருப்பேன். எத்தனை பேருடைய அப்பாவுக்கு ஆக்ஸிஜன் குழாய் மாட்டியிருப்பேன். மேடையில் இருந்தவருடைய அப்பாவுக்கும்தான். அவருக்கு அது நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு எங்கள் வரிசையில் நடந்தேன். 14 வீடு. 9 வீட்டில் இன்னும் பழைய கூரை. அதில் 4 வீட்டில் உடைந்த தகடு, 2 வீட்டில் உடைந்த துண்டு பிள்ளைகள் விளையாடும் இடத்திலேயே கிடக்கிறது. ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை, இன்னொரு முறை போக வேண்டும். உங்கள் தெருவில் யாராவது நோட்டும் பேனாவுமாக வர முடியுமென்றால் கீழே எழுதுங்கள். தகட்டைத் தொடாதீர்கள், உடைக்காதீர்கள், தெருவில் நின்றே எண்ணுங்கள்.