சாம்பல் கிளிக்கு சூரியகாந்தி விதை மட்டும் போதுமா?

"ஆப்பிரிக்க சாம்பல் கிளி காட்டிலும் விதைதான் தின்கிறது, அதனால் சூரியகாந்தி விதையே முழு உணவு" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. சூரியகாந்தி வட அமெரிக்கச் செடி. இந்தக் கிளியோ கானா முதல் காங்கோ வரையிலான காடுகளில் எண்ணெய்ப்பனைப் பழம், கொட்டை, இலை என்று கலந்து தின்று வாழ்வது.

அந்த விதையில் கொழுப்பு ஏராளம், கால்சியமும் வைட்டமின் ஏ-யும் மிகக் குறைவு. மற்ற கிளிகளைவிட சாம்பல் கிளிக்கு ரத்தத்தில் கால்சியம் எளிதில் குறையும். அது முற்றினால் கம்பியிலிருந்து விழும், வலிப்பே வரும். கிளிகளுக்கான பெல்லட் (சத்துகள் கலந்து உருண்டையாகச் செய்த தீவனம்), கேரட், கீரை, கொஞ்சம் பழம் கொடுங்கள், விதையைக் கையில் வைத்துப் பரிசாகக் கொடுங்கள். காலை வெயிலும் வேண்டும், ஆனால் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் வைத்தால் பயனில்லை, கால்சியம் உடலில் சேர உதவும் புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அவகேடோ, சாக்லேட் கூடவே கூடாது.

கிளி தன் இறகைத் தானே பிடுங்குவதற்கும் "விதை குறைந்துவிட்டது"தான் காரணம் என்கிறார்கள். சலிப்பு, தனிமை, நோய் எதுவாகவும் இருக்கலாம் (நிறம், வடிவம், எண்ணிக்கை சொன்ன அலெக்ஸ் என்ற புகழ்பெற்ற ஆய்வகக் கிளி இந்த இனம்தான், சும்மா உட்காருமா?). முதலில் பறவை மருத்துவரிடம் காட்டுங்கள்.