டியூப் லைட்டை அணைச்சிட்டு சீரியல் செட் போடுங்க

போன கிறிஸ்மஸுக்கு அப்பா தூத்துக்குடியிலிருந்து வந்தார். கதவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஏன்ப்பா, கரண்ட் இல்லையா?" ஹாலில் டியூப் லைட்டை அணைத்துவிட்டு, குடிலிலும் ஜன்னல் கம்பியிலும் மஞ்சள் சீரியல் செட் மட்டும் எரியவிட்டிருந்தேன். மனிதர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, சுவிட்சைத் தட்டிவிட்டார். இரண்டு மணி நேரம் ஸ்டூல் போட்டு ஏறி இறங்கியதெல்லாம் அதோடு போச்சு.

வாசலில் தொங்கும் ஸ்டார் தெருவில் போகிறவர்களுக்கு. அது பளிச்சென்று இருக்கட்டும், ஊதா, பச்சை என்று கண் சிமிட்டட்டும். வீட்டுக்குள் அதையே கொண்டுவந்து, மேலே டியூப் லைட்டையும் எரியவிட்டால் சீரியல் செட் வெறும் ஒயராகத்தான் தெரியும். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள், எண் குறையக் குறைய மஞ்சள். வெள்ளை டியூப் லைட் பெரும்பாலும் 6500 கெல்வின், பகல் வெளிச்சம் மாதிரி. வார்ம் வைட் என்று கடையில் கேட்டு வாங்குவது 2700 பக்கம். பகலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிற கதைதான்.

எங்கள் குடிலில் ஒரே ஒரு பல்பு, தொழுவத்துக்குள் வைக்கோலுக்குப் பின்னால். மற்ற விளக்கை அணைத்தால் மாட்டின் நிழல் சுவரில் மாட்டைவிடப் பெரிதாக விழும். 24ஆம் தேதி ராத்திரி பூசை முடிந்து வந்து பாலன் சொரூபத்தை வைக்கும்போது என் மகள் முதலில் பார்ப்பது அந்த நிழலைத்தான்.

அப்பாவையும் குறை சொல்ல முடியாது. அவர் காலத்துச் செட்டில் 6 வோல்ட் பல்பு நாற்பது, வரிசையாக. 230 வோல்ட்டை அவை பங்கு போட்டுக்கொள்ளும். ஒன்று போனால் நாற்பதும் அவுட். நல்ல பல்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஹோல்டராக மாற்றி மாற்றிப் பார்ப்பார், அதுவும் டியூப் லைட் வெளிச்சத்தில். சில வீடுகளில் போன பல்பை எடுத்துவிட்டு ஒயரை முறுக்கி இணைத்துவிடுவார்கள். அப்புறம் மிச்சப் பல்புகளுக்கு வோல்ட் கூடி, அவையும் சீக்கிரம் போகும்.

இப்போதைய எல்.இ.டி. செட்டில் வேறு தொல்லை. எட்டு விதமாக மின்னும் ஒரு பெட்டி. எனக்கு வேண்டியது எட்டாவது, சும்மா நின்று எரிவது. சுவிட்சை அணைத்துப் போட்டால் மறுபடி முதலிலிருந்து. தினமும் ஏழு தடவை அமுக்க வேண்டும். கீச்சுக் குரலில் பாட்டு பாடும் செட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

ஆனால் மின்னுவது புதுப் பழக்கம் என்று திட்டவும் வழியில்லை. 1882இல் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் நியூயார்க்கில் தன் வீட்டுக்குள் மரம் வைத்து, சிவப்பு, வெள்ளை, நீலத்தில் 80 பல்பு மாட்டினார். மின்விளக்கு போட்ட முதல் கிறிஸ்மஸ் மரம் அதுதான் என்கிறார்கள். மரம் சுற்றச் சுற்ற விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்தன. ஆக, முதல் நாளே பிளிங்கிங்!

ஒன்று மட்டும் கறாராகச் சொல்வேன். நேரடியாக 230 வோல்ட்டில் ஓடும் மெல்லிய ஒயரைத் திரைச்சீலையில் சுற்றாதீர்கள், காய்ந்த சவுக்குக் கிளையிலும் வேண்டாம். போன மாதம் பரணிலிருந்து எடுத்த என் பழைய செட்டை எலி இரண்டு இடத்தில் கடித்திருந்தது, தூக்கிப் போட்டேன். உள்ளே போட, செல்போன் சார்ஜரில் ஓடும் 5 வோல்ட் செம்புக் கம்பிச் சரம் போதும். பழைய ஹார்லிக்ஸ் கண்ணாடி பாட்டிலுக்குள் அதைச் சுருட்டிப் போட்டு புத்தக அலமாரியில் வையுங்கள், சொல்கிறேன்.

இந்த வருடம் அப்பா 23ஆம் தேதி வருகிறார். வாடகை வீடு, இன்னும் பழைய டியூப் லைட்தான். ஸ்டார்ட்டரைக் கழற்றி ஒளித்து வைத்துவிடலாமா என்று யோசனை.