குதிரையிலேயே போகலாம், அவசரம் ஒன்றுமில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதை முழுக்க உடைக்கப் போகிறேன். 2018-ல் வந்த வீடியோ கேம், இன்னும் ஆடாதவர்கள் இப்படியே அடுத்த பதிவுக்குப் போய்விடுங்கள்.

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 பற்றி என் மச்சானின் விமர்சனம் ஒரே வரிதான். "குதிரை ஓட்டவே பாதி நாள் போகுது மச்சான், எப்பதான் சுடுறது?" அவன் பனிமலையைத் தாண்டவே இல்லை. முதல் அத்தியாயம் முழுக்கப் பனி, முழங்கால் வரை புதையும் நடை, பசி. அங்கேயே கழற்றி வைத்துவிட்டான். அவனை மாதிரி நிறையப் பேர் இருக்கிறார்கள். "கதை சூப்பர், ஆனா ரொம்ப ஸ்லோ" என்பார்கள். அந்த "ஆனா"வோடுதான் எனக்குச் சண்டை. மெதுவாகப் போவதால்தான் அந்தக் கதை கதையாகவே இருக்கிறது என்பது என் கட்சி.

1899. பிளாக்வாட்டர் என்ற ஊரில் படகுக் கொள்ளை சொதப்பி, போட்டது போட்டபடி மலைக்கு ஓடிவரும் டச் வேன் டெர் லிண்டின் கும்பல். அதில் நாம் ஆர்தர் மார்கன், டச்சின் வலது கை. ஊர்கள் எல்லாம் கற்பனை, ஆனால் அமெரிக்காவை அறிந்தவர்களுக்கு அடையாளம் தெரியும். செயின்ட் டெனிஸ் அப்படியே நியூ ஆர்லியன்ஸ், டிராம், மின்விளக்கு, பக்கத்திலேயே முதலைச் சதுப்பு. டச் எந்நேரமும் ஒரு திட்டம் வைத்திருப்பான். இன்னும் ஒரே ஒரு கொள்ளை, அப்புறம் எல்லோரும் டஹிட்டி தீவுக்குப் போய் மாம்பழம் விளைவிக்கலாம். (நம்பியவன் நானும்தான்.)

இந்த கேமில் எதுவும் சும்மா நடக்காது. மானைச் சுட்டால் உட்கார்ந்து தோலை உரிக்க வேண்டும், உரித்ததைச் சுமந்து குதிரை மேல் போட வேண்டும். துப்பாக்கியைத் துடைக்காவிட்டால் அழுக்கேறும். தாடி வளரும். குதிரைக்குத் தீனி, தேய்ப்பு, தட்டிக்கொடுப்பு. குதிரை செத்தால் செத்ததுதான், அதன் பிறகு புதிதாக ஒன்றை வாங்க வேண்டும், இல்லை பிடித்துப் பழக்க வேண்டும். குளிர்ப் பிரதேசத்தில் குதிரையின் விதைப்பை சுருங்கும் அளவுக்கு உழைத்திருக்கிறார்கள், அதற்கென்று ஒருவர் உட்கார்ந்து வேலை பார்த்திருப்பார், அவர் நல்லா இருக்கட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கும்பலில் ஸ்ட்ராஸ் என்று ஒரு ஆள். தொழில், நம்ம ஊர் பாஷையில் கந்துவட்டி. ஏழைகளாகப் பார்த்துக் கடன் கொடுப்பான், வசூலுக்கு நம்மை அனுப்புவான். அப்படி ஒரு பட்டியலில் தாமஸ் டவுன்ஸ் என்ற விவசாயி. இந்த மனிதனை நமக்கு முன்பே தெரியும். வாலன்டைன் ஊர்ச் சேற்றில் ஆர்தர் ஒருவனைப் புரட்டி எடுக்கும்போது, குறுக்கே வந்து போதும் விட்டுவிடு என்று கெஞ்சியவன் இவன்தான். நோயாளி, இருமல்.

படமாக இருந்தால் முகாமில் உத்தரவு, அடுத்த காட்சியில் டவுன்ஸ் வீட்டு வாசல். இங்கே அப்படி வெட்ட முடியாது. நான் குதிரையில் ஏறினேன். வழியில் ஒரு முயலைச் சுட்டேன், பூ ஒன்றைப் பறித்துப் பையில் போட்டேன், மாலை வெளிச்சம் அழகாக இருந்ததால் நின்று படம்கூட எடுத்தேன். அப்புறம் நிதானமாகப் போய் அந்த வேலியோரம் இறங்கினேன். அவன் மனைவியும் மகனும் வந்து பார்க்கும் வரை அடி. அடி வாங்கும்போது அவன் இருமியதில் ரத்தம் ஆர்தர் முகத்தில் தெறிக்கிறது. அவ்வளவுதான், சின்னக் காட்சி, நான் மறந்தும் போனேன்.

அதன் பிறகு கேம் நம்மை எத்தனையோ மணி நேரம் அலைய விடுகிறது. மீன் பிடிக்கிறோம், ரயில் கொள்ளை அடிக்கிறோம், கூட்டாளிகள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். ஐந்தாவது அத்தியாயத்தில் செயின்ட் டெனிஸ் தெருவில் ஆர்தர் சுருண்டு விழ, டாக்டர் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: காசநோய். என் பையில் டானிக் பாட்டில்கள் நிறைய, பணமும் நிறைய. எதற்கும் பிரயோசனமில்லை. ராபர்ட் கோக் அந்தக் கிருமியை 1882-லேயே கண்டுபிடித்துவிட்டார், அதைக் கொல்லும் மருந்து வர 1940-கள் ஆகின, ஆர்தர் மாட்டிக்கொண்டது இரண்டுக்கும் நடுவில். அந்த நிமிஷம் எனக்கு நினைவு வந்தது டவுன்ஸ் முகம்கூட இல்லை, வழியில் பறித்த பூ. ஆர்தர் போனான் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை, நான்தான் போனேன், அதுவும் வேடிக்கை பார்த்துக்கொண்டே.

டவுன்ஸின் மனைவி பின்னால் தெருவில் நின்று பிழைக்கும் நிலைக்கு வருகிறாள், மகன் சுரங்கத்தில். ஆர்தர் பணம் கொடுக்கப் போனால் அவள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கடைசி ஓட்டத்தில் குதிரை சுடப்பட்டு விழ, துரத்தல் நடுவே ஆர்தர் மண்டியிட்டு அதற்கு நன்றி சொல்கிறான். அத்தனை நாள் தேய்த்துவிட்ட குதிரை. இதெல்லாம் நாலு மணி நேரத்தில் முடியும் கேமில் வலிக்காது.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. வெளியே இவ்வளவு பெரிய நிலத்தைத் திறந்து விட்டுவிட்டு, மிஷனுக்குள், அதாவது கதை கொடுக்கும் வேலைக்குள் போனதும் ஹெட்மாஸ்டர் மாதிரி நடந்துகொள்கிறது. பாதையை விட்டுக் கொஞ்சம் விலகினாலும் தோல்வி, திரும்ப முதலிலிருந்து. ஆர்தர் செய்யும் நல்லது கெட்டதுக்கு கேம் வைத்திருக்கும் புண்ணியக் கணக்கு இன்னும் காமெடி. மிஷனில் ஐம்பது பேரைச் சுட்டுத் தள்ளிவிட்டு வந்து, தெருவில் போகிறவர்களுக்கு நாலு வணக்கம் வைத்து, பிடித்த மீனை ஆற்றில் விட்டால் மீட்டர் ஏறுகிறது. பக்கத்துக்குப் பக்கம் துப்பாக்கிச் சண்டையைத் திணிக்காமல் இருந்திருக்கலாம், அந்த இடங்களில்தான் எனக்குக் கொட்டாவி வந்தது, குதிரைச் சவாரியில் இல்லை.

இப்போது இரண்டாம் முறை ஆடுகிறேன். இரண்டாவது அத்தியாயத்திலேயே ரெண்டு மாதமாக நிற்கிறேன். டவுன்ஸ் வீட்டுக்குப் போகாமல் கதை நகராது, தெரியும். கும்பலின் பெரியவர் ஹோசியாவோடு கரடி வேட்டைக்குப் போனேன், ஆற்றங்கரையில் மீன் பிடித்தேன், மலையில் ஏறி ஒரு நல்ல குதிரையைப் பழக்கினேன். நேற்று ராத்திரியும் முகாமுக்குள் வந்து, ஸ்ட்ராஸ் உட்கார்ந்திருக்கும் மேஜை வரை போய், திரும்பி வந்து படுத்துவிட்டேன்.