அணில் வீட்டுப் பிராணி இல்லை. மறுபடியும் சொல்கிறேன்.

அந்த வீடியோவில் என்னை டேக் செய்துகொண்டே இருப்பவர்களுக்கு: பார்த்துவிட்டேன், போதும். கண் திறக்காத குட்டியை உள்ளங்கையில் மல்லாக்கப் போட்டு இங்க் ஃபில்லரில் பசும்பால் பீச்சுகிறார்கள். பின்னணியில் தாலாட்டு வேறு. கீழே இதயம் இதயமாகக் குவிகிறது. "மூக்கு வழியாகப் பால் வருகிறதே, நிறுத்துங்கள்" என்று ஒரு வரி எழுதினேன். "வயிற்றெரிச்சல் பிடித்த ஜென்மம்" என்று பதில் வந்தது. இருக்கட்டும். வயிற்றெரிச்சலோடேயே சொல்கிறேன்: அணில் வீட்டில் வளர்க்கிற பிராணி இல்லை.

மூக்கில் பால் வந்தால் அது நுரையீரலுக்கும் போயிருக்கலாம். ஓரிரு நாளில் மூச்சு விடும்போது கிளிக் கிளிக் என்று சத்தம் கேட்கும். அது நிமோனியா. குட்டியைக் குப்புற, தலை சற்று உயர்த்திப் பிடித்து, ஊசி கழற்றிய 1 மி.லி. சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகத்தான் கொடுக்க வேண்டும். மூக்கில் குமிழி வந்தால் உடனே நிறுத்தி, தலையைக் கீழே சாய்த்துத் துடைக்க வேண்டும்.

பசும்பாலும் ஆகாது. அணில் பாலோடு பார்த்தால் அதில் கொழுப்பு குறைவு, லாக்டோஸ் அதிகம். வயிற்றுப்போக்கு வந்து, உடம்பில் நீர் வற்றி, குட்டி போய்ச் சேரும். முதலில் சூடு, அப்புறம்தான் தீனி. உடம்பு சில்லிட்ட குட்டிக்கு எதைக் கொடுத்தாலும் செரிக்காது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். உடம்பு கதகதப்பானதும் இளஞ்சூட்டில் ஓ.ஆர்.எஸ்., அதற்குப் பிறகு நாய்க்குட்டிகளுக்கு விற்கிற பால் பவுடர். அளவு, ஒரு வேளைக்கு உடல் எடையில் 5 சதவீதம். 20 கிராம் குட்டி என்றால் 1 மி.லி., அவ்வளவுதான். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியிலும். ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் தடவிவிட வேண்டும். தாய் நக்கிவிடாமல் அந்த வயதில் குட்டிக்குத் தானாக மூத்திரம் போகாது, தேங்கி வயிறு உப்பிவிடும். வீடியோவில் இதையெல்லாம் காட்டினார்களா? தாலாட்டுக்கு நடுவே இடமில்லை போலும்.

"அப்போ சாக விட்டுடணுமா?" என்பீர்கள். யார் விடச் சொன்னது? காயமில்லாத குட்டியை முதலில் தாயிடமே சேர்க்கப் பாருங்கள். கதகதப்பாக்கி, தேங்காய் நார் போட்ட சின்னக் கூடையில் வைத்து, விழுந்த மரத்திலேயே பூனைக்கு எட்டாத உயரத்தில், எறும்பு இல்லாத நிழலில் கட்டிவிட்டுத் தள்ளிப் போய் நில்லுங்கள். பக்கத்திலேயே போனோடு நிற்காதீர்கள். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது கட்டுக்கதை. வந்து வாயில் கவ்வி இன்னொரு கூட்டுக்குத் தூக்கிப் போகும். அணில் பகலில் நடமாடுவது. இருட்டும் வரை வரவில்லை என்றால் உள்ளே எடுத்துவந்து சூட்டில் வைத்து, மறுநாள் காலை மறுபடி முயலலாம். அதற்கும் வராவிட்டால் வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ சொல்லுங்கள். காப்பாற்றுவது வேறு, வைத்துக்கொள்வது வேறு.

"எங்க பாட்டி வளர்த்தாங்க, நல்லாத்தான் இருந்துச்சு." இது தவறாமல் வரும். எத்தனை மாதம் இருந்தது என்று கேட்டால் மட்டும் பதில் வராது. பிஸ்கட், சாதம், வேர்க்கடலை, சூரியகாந்தி விதை: இவற்றில் பாஸ்பரஸ் கூடுதல், கால்சியம் சொற்பம். அணிலுக்குத் தேவை இதற்கு நேர்மாறு, கால்சியம் கிட்டத்தட்ட இரண்டு பங்கு. நேரடி வெயிலும் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வருகிற வெளிச்சத்தில் தேவையான புற ஊதாக் கதிர் இருக்காது. முதலில் ஏறுவதைக் குறைத்துக்கொள்ளும். பிறகு பின்னங்கால் இழுக்கும், கடைசியில் வலிப்பு. "எங்கேயோ விழுந்துடுச்சு போல" என்று போனில் சொல்வார்கள். விழவில்லை ஐயா, எலும்பு கரைந்திருக்கிறது.

பிழைத்து வளர்ந்தாலும் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். கடிக்க மரமில்லாவிட்டால் சார்ஜர் ஒயர், கூண்டுக் கம்பி. ஒயரில் ஷாக், கம்பியில் பல் கோணல், கோணினால் தின்ன முடியாது. குட்டியில் சட்டைப்பைக்குள் தூங்கியதே, அது உங்கள் உடம்புச் சூட்டுக்காக. பருவம் வந்ததும் அதே விரலைத் துளைக்கும். கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, மருத்துவரிடம் போங்கள். அப்போதுதான் "இதை எங்கேயாவது விட்டுடலாமா" என்று போன் வரும். பூனையைக் கண்டு ஓடத் தெரியாத அணிலை எங்கே விடுவது, சொல்லுங்கள்?

நியூயார்க்கில் ஒருவர் வீட்டில் வளர்த்து இணையத்தில் பிரபலமான பீநட் என்ற அணிலைப் பேச்சுக்கு இழுக்கிறவர்கள் வேறு. 2024 அக்டோபர் 30 அன்று அதிகாரிகள் எடுத்துப்போய், ரேபிஸ் பரிசோதனைக்காகக் கொன்றார்கள், முடிவு நெகட்டிவ். கொடுமைதான், மறுக்கவில்லை. அதற்காக அரைக் கிலோ சாம்பல் அணிலைக் காட்டி, 100 கிராம் சுமாரே இருக்கிற நம்மூர் வரி அணிலை ஷூ டப்பாவில் வைக்கலாம் என்றால் என்ன நியாயம்?

இன்னொருவர், ராமர் தடவிக் கொடுத்த அணிலை நாங்கள் தொடக்கூடாதா என்கிறார். அவரும் தடவிக் கொடுத்துவிட்டு விட்டுவிட்டார் சார். கூண்டு வாங்கவில்லை.

உண்மையில் எனக்குக் கோபம் வேறிடத்தில். அந்தக் குட்டி வானத்திலிருந்தா விழுந்தது? தென்னையில் மட்டை கழித்தபோது, ஏசி அவுட்டோர் யூனிட்டைச் சுத்தம் செய்தபோது, நாரும் பஞ்சுமாக இருந்த கூட்டைக் குப்பை என்று இழுத்துப் போட்டதில் விழுந்தது. கூட்டைக் கலைத்தவரே குட்டியைத் தூக்கி "பாவம், அநாதை" என்று போஸ்ட் போடுகிறார். தாய் மேலே கீச் கீச்சென்று கத்திக்கொண்டிருக்கும்போதே!

மட்டை கழிக்க ஆள் வந்தால், வெட்டுவதற்கு முன் கொண்டைக்குள் கையால் விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கூடு இருந்தால் அந்தப் பக்கத்து மட்டைகளை மட்டும் மூன்று மாதம் விடுங்கள், குட்டிகள் தாமாகத் தின்னப் பழக ஏறக்குறைய 10 வாரம் ஆகும். இன்னொரு தடவை ஏற அவர் தனிக் கூலி கேட்பார். கொடுங்கள்.